நம்ம வீடு குரூப்பில் ஓர் அப்ஸ்ட்ராக்ட்

கவிதா: அத்தை, மாநாட்டுக்கு என் ஆய்வின் அப்ஸ்ட்ராக்ட், அதான் சுருக்கம், அனுப்ப நாளை கடைசி நாள். 250 வார்த்தைதான் வரம்பு, எனக்கு 410 வந்திருக்கிறது. ஃபைலைப் போட்டிருக்கிறேன், கொஞ்சம் பாருங்கள்.

பெரியப்பா: படித்தேன். ஆங்கிலம் கம்பீரமாக இருக்கிறது. ஒரு வரியைக்கூட வெட்டாதே.

அத்தை: அண்ணா, அந்தக் கம்பீரம்தான் சிக்கலே. கவி, ரத்தசோகை நாட்டின் பெரிய பிரச்சினை என்று ஆறு வரி எழுதியிருக்கிறாய். படிக்கப்போவது டாக்டர்களும் நர்சுகளும். ஒரு வரி போதும்.

கவிதா: வெட்டினால் கனமில்லாமல் போய்விடாதா?

அத்தை: கனம் ரிசல்ட்டில் இருக்கட்டும். ‘சிக்னிஃபிகன்ட் இம்ப்ரூவ்மென்ட் வாஸ் அப்சர்வ்டு’ என்று முடித்துவிட்டாய். எவ்வளவு கூடியது?

கவிதா: மாத்திரை போடச் சொல்லி நாங்கள் போன் செய்த கர்ப்பிணிகள் 84 பேர். ஹீமோகுளோபின் சராசரி 9.1 இருந்தது, 12 வாரத்தில் 10.3.

அத்தை: அதை அப்படியே எழுது! மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் அப்ஸ்ட்ராக்ட் இலவசம், முழுக் கட்டுரைக்குப் பல நேரம் காசு. நிறையப் பேர் இதோடு நின்றுவிடுவார்கள். 1987லேயே மருத்துவ இதழ்களில் நோக்கம், முறை, முடிவு என்று தலைப்பு பிரித்து எழுத ஆரம்பித்துவிட்டார்கள், தேடுவது சட்டென்று கண்ணில் பட.

பெரியப்பா: ‘வீ’, அதாவது ‘நாங்கள்’ என்று தொடங்குகிறாளே? எங்கள் ஆபீஸில் ‘இட் இஸ் சப்மிட்டட் தட்’ என்றுதான் எழுதுவோம்.

சுரேஷ்: பெரியப்பா, டிஎன்ஏ வடிவத்தைச் சொன்ன வாட்சன், கிரிக் கட்டுரையே ‘வீ’ என்றுதான் தொடங்குகிறது. 1953, நேச்சர் இதழ். மொத்தமே ஏறக்குறைய ஒரு பக்கம்.

பெரியப்பா: அவர்கள் நோபல் வாங்கியவர்கள்டா.

சுரேஷ்: வாங்கியது 1962ல்!

அத்தை: கவி, கடைசி வரியில் ‘ப்ரூவ்ஸ்’ வேண்டாம். மாத்திரை போடச் சொல்லி போன் செய்யாத இன்னொரு குழு இருந்ததா?

கவிதா: இல்லை, எல்லாருக்கும் செய்தோம்.

அத்தை: அப்புறம் எப்படி போனால்தான் கூடியது என்கிறாய்? போன் வராவிட்டாலும் ஒழுங்காகப் போட்டிருப்பார்களோ என்னவோ. போன் செய்த 12 வாரத்தில் கூடியிருந்தது, அவ்வளவுதான். ஒப்பிட்டுப் பார்க்க அடுத்த ஆய்வு வேண்டும் என்று சேர்த்துக்கொள். செய்ததெல்லாம் பாஸ்ட் டென்சில் இருக்கட்டும், நடுவில் இரண்டு இடத்தில் மாறுகிறது.

பெரியப்பா: இவ்வளவு அடக்கி வாசித்தால் யார் மதிப்பார்கள்?

அத்தை: ரெவ்யூவர் மதிப்பார் அண்ணா.

கவிதா: 246 ஆகிவிட்டது! அனுப்பட்டுமா?

அத்தை: இரு. ‘ஏஎன்சி’ முதலில் வரும் இடத்தில் ‘ஆன்டிநேட்டல் கேர்’ (கர்ப்பகாலக் கவனிப்பு) என்று விரித்து எழுது.

கவிதா: விரித்தாலும் 248தான்.

அத்தை: சரி, அனுப்பு. கைடு பெயரில் ஸ்பெல்லிங் பார்த்துவிட்டு.