கிரீன் டெரர்: இரண்டு இனங்களைச் செதிலை வைத்துப் பிரித்தறிந்த அனுபவம்

கடைகளில் 'கிரீன் டெரர்' என்ற ஒரே பெயரில் விற்கப்படும் சிக்லிட் குடும்ப வளர்ப்பு மீன்களில் குறைந்தது இரண்டு தனி இனங்கள் கலந்திருக்கின்றன. என் தொட்டியில் வளரும் ஆண் மீன் அவற்றுள் எது என்பதைத் தெரிந்துகொண்ட விதத்தை எழுதுகிறேன்.

வாங்கியபோது அது விரலளவுகூட இல்லாத குஞ்சு. சாம்பல் நிற உடல், விலாவில் ஒரு கரும்புள்ளி, கன்னத்தில் மெல்லிய நீலக் கோடுகள். புளூ அகாரா என்ற நெருங்கிய உறவு மீனின் குஞ்சும் ஏறக்குறைய இப்படியே இருக்கும் என்பதால், அந்தப் பருவத்தில் இனத்தை உறுதிசெய்ய முனைவது வீண்.

மீன் வளர்ந்ததும் பலரும் முதலில் பார்ப்பது வால் துடுப்பின் விளிம்பைத்தான். ஆரஞ்சாக இருந்தால் ஈக்வடாரின் ரிவுலாட்டஸ் இனம், வெள்ளையாக இருந்தால் பெருவின் ஸ்டால்ஸ்பெர்கி இனம் என்று முடிவு கட்டிவிடுவார்கள். ரிவுலாட்டஸிலும் வெளிறிய விளிம்புள்ள மீன்கள் உண்டு. ஆகவே இந்த அடையாளத்தை மட்டும் நம்பக்கூடாது.

நான் பார்த்தது விலாச் செதில்களை. இரை தின்று அமைதியாக நிற்கும் நேரத்தில் கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்துக் கண்ணாடியருகே நோக்கியபோது, ஒவ்வொரு செதிலின் நடுப்பகுதியும் இருண்டும் அதன் ஓரம் நீலப்பச்சையாக மின்னியும், உடல் முழுவதும் வலை போர்த்தியதுபோல் தெரிந்தது. ஸ்டால்ஸ்பெர்கியில் இந்த அமைப்பு நேர்மாறானது: செதிலின் நடு வெளிறி, ஓரம் இருண்டிருப்பதால் விலாவெங்கும் ஒளிப்புள்ளிகளே வரிசையாகத் தெரியும். வால் துடுப்பின் ஆரஞ்சு விளிம்பும் ஒத்துப்போனதால் என் மீன் ரிவுலாட்டஸ் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இந்தக் குழப்பத்துக்கு வரலாறும் ஒரு காரணம். ரிவுலாட்டஸை 1860-இல் குந்தர் என்ற விலங்கியலாளர் விவரித்தார். பின்னர் நெடுங்காலம் அது அக்விடென்ஸ் என்ற பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் தொகுப்பில்) வைக்கப்பட்டிருந்தது. 2009-இல்தான் ஆண்டினோஅகாரா என்ற பேரினம் உருவானது. பெரு மீனும் அதே ஆண்டில் தனி இனமாக விவரிக்கப்பட்டு, ஆல்ஃப் ஸ்டால்ஸ்பெர்க் என்ற நார்வே நாட்டு மீன் வளர்ப்பாளரின் பெயரைப் பெற்றது. அதற்கு முந்தைய கையேடுகளில் இரண்டும் ஒன்றாகவே இருப்பதில் வியப்பில்லை. இரண்டுமே ஆண்டிஸ் மலைக்கு மேற்கே பசிபிக்கில் கலக்கும் ஆறுகளைச் சேர்ந்தவை. தென் அமெரிக்க மீன் என்றதுமே அமேசானின் மென்மையான அமில நீரை இவற்றுக்காக உருவாக்கத் தேவையில்லை.

ஜோடி சேர்ப்பதற்கு முன் இதை உறுதிசெய்தே ஆக வேண்டும் என்பது என் திடமான கருத்து. இரு இனங்களையும் கலந்து குஞ்சு பொரிக்கவிட்டு அவற்றைக் கடைக்குக் கொடுத்தால், வாங்குபவர் எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் இனம் சொல்ல முடியாமல் போகும். இப்போது பெண் மீன் தேடுகிறேன். பெண்ணின் உடலில் நிறம் மங்கியும் கருமை மிகுந்தும் இருப்பதால் செதில் அமைப்பு எளிதில் புலப்படுவதில்லை; எனவே மீன் பிடிக்கப்பட்ட ஆறு அல்லது தாய் தந்தை மீன்களின் படம், இவற்றில் ஒன்றாவது கிடைக்காத பெண்ணை நான் வாங்குவதாக இல்லை.