மீட்டர் முள் 750இல், லொறி சிக்னலில் நின்றுபோச்சு

கொட்டாஞ்சேனை லொறி:

எங்க லொறி அப்பா காலத்து டொயோட்டா டவுன் ஏஸ். 5கே பெட்ரோல் எஞ்சின், நாலு சிலிண்டர். டேஷ்போர்டுல ஆர்பிஎம் மீட்டரே (எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுத்துன்னு காட்டுறது) கிடையாது. அப்பா காதாலேயே கேட்டு கியர் மாத்துவார். எனக்கு அந்தக் காது வாய்க்கல. பஞ்சிகாவத்தையில ஒரு பழைய மீட்டர் வாங்கினேன். பின்னால சிலிண்டர் கணக்குக்கு 4, 6, 8ன்னு சுவிட்ச், பக்கத்துல ரப்பர் மூடிக்குள்ள திருப்பி செட் பண்ண ஒரு சின்ன ஸ்குரூ.

வயரிங் லேசுதான். சிக்னல் வயர் பிளக்குக்குப் பொறி கொடுக்கிற கொயிலோட மைனஸுக்கு, மத்ததெல்லாம் பற்றறிக்கும் லொறி பொடிக்கும் (எர்த்). ஆனா முள் காட்டுறது சரியான்னு எதை வச்சுப் பார்க்குறது? டொரொன்டோவுல இருக்கிற மச்சான் ஒரு வீடியோ அனுப்பினான். வீட்டுக் கரண்ட்டை ட்ரான்ஸ்போமரால 12 வோல்ட்டுக்கு இறக்கி, ஒரு டயோட் போட்டு, சிக்னல் வயருக்குக் கொடுக்கணும். சுவிட்ச் 4ல இருந்தா முள் 1800ல நிக்கணும், இல்லாட்டி ஸ்குரூவைத் திருப்பணும். அப்படியே செஞ்சேன். முள் 1800ல அசையாம நின்னதைப் பார்த்து எனக்கு ஒரே பெருமை.

லொறியில பூட்டினா, சும்மா ஓடும்போதே 900 காட்டுது. ஓ, இதனாலதான் பெட்ரோல் குடிக்குதுன்னு காபரேட்டர் ஸ்குரூவைக் குறைச்சு 750க்குக் கொண்டுவந்தேன். அடுத்த நாள் விடியக்காலை பேலியகொடை மெனிங் சந்தைக்குப் போறப்போ இங்குருகடைச் சந்தியில எஞ்சின் நின்னுச்சு. திரும்ப ஸ்டார்ட் பண்ணி ரெண்டடி போனா திரும்ப நிக்குது. பின்னால ஹார்பருக்குப் போற கன்டெய்னர் வரிசை. அந்த ஹார்ன் சத்தம் இன்னும் காதுல இருக்கு.

பிளக் மாத்தினேன், காபரேட்டர் கழுவினேன். மீட்டரை மட்டும் சந்தேகப்படவே இல்ல. கடைசியா மருதானைப் பக்கம் ஒரு நானாட கராஜுக்குக் கொண்டுபோனேன். அவர் ஒரு கருவியும் எடுக்கல. எஞ்சினோட சுத்துற கிராங்க் புல்லியில சோக்கட்டியால ஒரே ஒரு கோடு போட்டார். சுவரிலிருந்த பழைய டியூப் லைட்டைக் கழட்டி நீள வயரோட கிட்டக் கொண்டுவந்து, கராஜ் கதவைச் சாத்தினார். "உங்கட மீட்டர்ல 1500க்கு ரேஸ் குடுங்க தம்பி" என்றார். கொடுத்தேன். கோடுகள் சுத்திக்கிட்டே இருந்துச்சு. "இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்..." ஒரு இடத்துல நாலு கோடு, கூட்டல் குறி மாதிரி, அப்படியே நின்னுச்சு. என் மீட்டர்ல 1800. "இதுதான் 1500" என்றார்.

நம்ம கரண்ட் செக்கனுக்கு 50 சைக்கிள். சோக் (பழைய மாதிரிக் கம்பிச்சுருள் பெட்டி) வச்ச டியூப் சைக்கிளுக்கு ரெண்டு தடவை, அதனால செக்கனுக்கு 100 தடவை மின்னும். 1500ல கிராங்க் செக்கனுக்கு 25 சுத்து, அதாவது சுத்துக்கு நாலு மின்னல், அதனால ஒரு கோடு நாலாத் தெரியும். மச்சான் இருக்கிற நாட்டுல 60 சைக்கிள். டயோட் வழியா மீட்டருக்குச் சைக்கிளுக்கு ஒரு துடிப்புத்தான் போகும்; நாலு சிலிண்டர் எஞ்சின் சுத்துக்கு ரெண்டு தடவை பத்தும், அதனால அங்க 1800, இங்க 1500. நான் 50 சைக்கிளைக் கொடுத்து 1800ன்னு செட் பண்ணியிருக்கேன். எல்லாமே 20 வீதம் கூட. எஞ்சின் முதல்லயே சரியா 750ல ஓடியிருக்கு, நான்தான் அதை 625க்கு இறக்கிக் கொன்னிருக்கேன்.

ட்ரான்ஸ்போமர் வேலை செய்றவங்க 230 வோல்ட் பக்கத்தை நல்லா மூடிட்டுச் செய்ங்க.

மாளிகாவத்தை:

நான் உங்களைவிட மோசம். மீட்டர் சுவிட்ச் 8ல இருந்ததைப் பார்க்கல. 750க்கு 375 காட்டிச்சு. எஞ்சின் நல்லாத்தான் ஓடுது, ஆனா மீட்டர்ல உயிர் போகப்போற மாதிரி. ரெண்டு நாள் அதை வச்சு மூளையைக் குழப்பினேன்.

வெள்ளவத்தை எல்ஃப்:

அண்ணை, டீசல்காரருக்குக் கொயில் எங்க இருக்கு? என்ர பழைய இசுசு எல்ஃபில பற்றறியைச் சார்ஜ் பண்ணுற அல்டர்னேட்டரின்ர டபிள்யூ (W) முனையில இருந்துதான் சிக்னல் எடுக்க வேணும். அங்கதான் எனக்கு வினை. அல்டர்னேட்டர் 12 துருவம், அதால அது ஒருக்கால் சுத்த 6 துடிப்பு. கிராங்க் புல்லி விட்டம் 15 சென்ரிமீற்றர், அல்டர்னேட்டர் புல்லி 7.5. ஆக கிராங்க் ஒரு சுத்துக்கு 12 துடிப்பு எண்டு மீட்டரில அடிச்சன். பாத்தா எல்லாம் 8 வீதம் மட்டில கூடக் காட்டுது.

நான் அளந்தது புல்லியின்ர வெளி விளிம்பை. பெல்ட் ஓடுறது விளிம்பில இல்லை, பள்ளத்துக்குள்ள. ரெண்டு புல்லியின்ர விட்டத்திலயும் ஒவ்வொரு சென்ரிமீற்றர் கழிச்சா 14க்கு 6.5. அப்ப 12 இல்லை, கிட்டத்தட்ட 12.9. பெரிய புல்லிக்கும் சின்னப் புல்லிக்கும் ஒரே அளவு கழிஞ்சாலும் விகிதம் மாறும் எண்டது எனக்கு உறைக்கவே இல்லை. படிச்சது கணக்கியல், சொல்ல வெக்கம். பிறகு புல்லியில ஒளியைத் தெறிக்கச் செய்யிற ஸ்டிக்கர் ஒட்டி, லேசர் மீட்டர் ஒண்டை இரவல் வாங்கித்தான் சரிபார்த்தன். பெல்ட் தளர்ந்தா இந்த முறையில முள் குறையக் காட்டும், அதையும் கவனியுங்கோ. சாரத்தோட ஃபேன் பக்கத்தில குனியாதேங்கோ.

கிராண்ட்பாஸ்:

2022 பவர் கட் நேரம் வேலை இல்லாம சும்மா இருந்தேன்னு, இதே ட்ரான்ஸ்போமர் வித்தையை ஜெனரேட்டர்ல செஞ்சேன். 1500ன்னு செட் பண்ணியாச்சு. பிறகு மெயின் கரண்ட்ல போட்டா 1440 காட்டுது. லோட் இல்லாத ஜெனரேட்டர் 52 சைக்கிள்ல ஓடியிருக்கு. வேலை ரெண்டு தடவை.

கொட்டாஞ்சேனை லொறி:

கிராண்ட்பாஸ் அண்ணே, நீங்க 4 வீதம், நான் 20 வீதம். நீங்க தப்பிச்சீங்க.

ஸ்குரூவைத் திருப்பி 1500க்குக் கொண்டுவந்து, காபரேட்டரையும் திரும்ப 750க்கு ஏத்திட்டேன். டியூப் லைட்டுல எட்டுக் கோடு, எண்ணிப் பார்த்தாச்சு. இங்குருகடையில இப்ப நிக்கிறதில்ல. வீட்டுல எல்லாம் எல்இடி, அதுல கோடு நிக்கவே மாட்டேங்குது. சோக் வச்ச பழைய டியூப் செட் ஒண்ணு மருதானைப் பக்கம் எங்கயாவது கிடைக்குமா? நானா அவர்ட டியூபைத் தரமாட்டாராம்.