சிப் இருந்தும் எனக்கு போன் வரவில்லை, ஏன்?

வால்நீளம்:
வணக்கம். எங்கள் பூனைக்கு மூன்று வயது. முன்பு வளர்த்தவர்கள் மைக்ரோசிப் போட்டுத்தான் கொடுத்தார்கள். போன வாரம் ஜன்னல் வழியாகப் போனவள் ஆறு நாள் காணோம். நாலு தெரு தள்ளி ஒருவர் சோறு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டாம் நாளே மருத்துவரிடம் கொண்டுபோய் ஸ்கேன் செய்தாராம். எண் வந்ததாம். எனக்குத்தான் யாரும் கூப்பிடவில்லை. நான் ஒட்டிய நோட்டீஸைப் பார்த்துத்தான் அழைத்தார். அப்புறம் சிப் எதற்கு? பேசாமல் ஜிபிஎஸ் வாங்கிவிடவா?

ஊசிக்கை:
கால்நடை மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். உங்களுடையது அடிக்கடி பார்க்கும் கதைதான். அரிசி மணி அளவுள்ள அந்தச் சிப்பில் பேட்டரி கிடையாது, உங்கள் பெயரும் கிடையாது. ஸ்கேனரைப் பக்கத்தில் கொண்டுபோனால் ஒரு 15 இலக்க எண்ணைச் சொல்லும், அவ்வளவுதான். அந்த எண்ணுக்கு நேரே பதிவேட்டில் யார் போன் நம்பர் இருக்கிறதோ அவருக்குத்தான் அழைப்பு போகும். முன்பு வளர்த்தவர் பெயரிலேயே கிடக்கிறதா என்று பாருங்கள். எந்தப் பதிவேடு என்று தெரியாவிட்டால் முதல் மூன்று இலக்கத்தைக் கவனியுங்கள். 900 அல்லது அதற்கு மேல் என்றால் பெரும்பாலும் தயாரிப்பாளர் குறி, அந்த நிறுவனம் வழியாகத் தேடலாம். அதற்குக் கீழே என்றால் நாட்டின் குறி.

வால்நீளம்:
அதேதான்! தடுப்பூசி அட்டையில் எண் ஸ்டிக்கர் இருந்தது. தேடினால் பழைய ஆள் பெயர், அவர் எப்போதோ விட்டுவிட்ட நம்பர். மாற்றச் சொல்லி விண்ணப்பித்துவிட்டேன். ஜிபிஎஸ்?

இரண்டுநாய்க்காரன்:
என் பெரியவனுக்கு ஜிபிஎஸ் காலர் இருக்கிறது. நல்லதுதான், ஆனால் சார்ஜ் போட மறந்த நாளில்தான் ஐயா கேட்டைத் தாண்டுவார். சிக்னல் இல்லாத இடத்திலும் பயனில்லை. காலர் கழன்றால் காலர் இருக்கும் இடம்தான் தெரியும். எனவே சிப்புக்குக் கூடுதலாக வாங்குங்கள், அதற்குப் பதிலாக வேண்டாம். முதலில் போன் நம்பர் பொறித்த சாதாரணத் தகடு ஒன்று மாட்டுங்கள். உங்கள் பூனைக்குச் சோறு வைத்தவர் வீட்டில் ஸ்கேனர் ஏது? தகடு இருந்திருந்தால் அன்றைக்கே கூப்பிட்டிருப்பார். கியூஆர் தகடும் உண்டு, ஆனால் கீறல் விழுந்தால் படிக்காது. நான் நம்பர்தான் பொறித்திருக்கிறேன்.

வால்நீளம்:
பூனைக்குக் காலர் என்றால் பயமாக இருக்கிறதே. கிளையில் மாட்டிக் கழுத்தை இறுக்கிவிட்டால்?

ஊசிக்கை:
நியாயமான பயம். பூனைக்கு நாய்க் காலர் வேண்டாம். பலமாக இழுபட்டால் தானே விட்டுவிடும் கொக்கி உள்ளதாகப் பாருங்கள். அவ்வப்போது தொலையும், தொலையட்டும். அந்த நேரத்துக்குத்தான் சிப்.

இன்னொன்று. சிப்பைத் தோள்பட்டைகளுக்கு நடுவே போடுவோம், சிலதுக்கு அது நகர்ந்து முன்னங்கால் பக்கம் இறங்கிவிடும். வருடாந்தர ஊசிக்குப் போகும்போது ஒருமுறை ஸ்கேன் பண்ணச் சொல்லுங்கள். எண் வந்தால் போதாது, பதிவேட்டில் அப்போது உங்கள் நம்பர் வருகிறதா என்றும் பாருங்கள்.

வால்நீளம்:
நன்றி இருவருக்கும். பதிவு என் பெயருக்கு மாறிவிட்டது, வீட்டுக்காரர் நம்பரையும் சேர்த்துவிட்டேன். தகடு மாட்டியாயிற்று. மணியை மட்டும் கழற்றிவிட்டேன், அந்தச் சத்தத்துக்கு அவள் இரண்டு நாள் கட்டிலுக்கு அடியிலிருந்து வரவே இல்லை.