ஜெஃப் கென்ட் உள்ளே, லூ விட்டக்கர் வெளியே: இது என்ன கணக்கு?

புலிக்கூட்டம்84:

ஊக்கமருந்துப் புகாரால் வெளியே நிற்கும் பாண்ட்ஸ், கிளெமன்ஸ், சூதாட்டத்தால் வெளியே நிற்கும் ரோஸ் பற்றிய சண்டையை இந்த ஒரு இழையில் மட்டுமாவது ஓரமாக வைத்துவிடலாமா? என் ஆதங்கம் வேறு.

2025 டிசம்பரில் பதினாறு பேர் கொண்ட குழு கூடி ஜெஃப் கென்ட்டை பேஸ்பாலின் புகழ்மண்டபமான, கூப்பர்ஸ்டவுனில் இருக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்ந்தெடுத்தது. 14 ஓட்டு. கென்ட் சாதாரண ஆள் என்று சொல்ல வரவில்லை. 377 ஹோம் ரன், அதில் 351 இரண்டாவது பேஸ்மேனாக நின்ற ஆட்டங்களில், அந்த இடத்தில் ஆடிய வேறு யாரும் அவ்வளவு அடித்ததில்லை, 2000-ல் எம்விபி (லீகின் அந்த ஆண்டுச் சிறந்த ஆட்டக்காரர்) விருதும் உண்டு. ஆனால் அதே இரண்டாவது பேஸில் 1977 முதல் 1995 வரை டெட்ராய்ட் டைகர்ஸ் சட்டையைத் தவிர வேறு சட்டையே போடாமல் ஆடிய லூ விட்டக்கர், குழு பரிசீலித்த எட்டுப் பேர் பட்டியலில்கூட இல்லை. தோற்றிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும், பேரையே எடுக்கவில்லை. பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளத்தின் 'வார்' கணக்குப்படி, அதாவது சாதாரண மாற்று ஆளைவிட ஒருவர் கூடுதலாகத் தேடித்தந்த வெற்றிகளின் கணக்குப்படி, விட்டக்கர் 75, கென்ட் 55. ஏற்கெனவே உள்ளே இருக்கும் சாண்ட்பர்க், அலோமார், பிஜியோ மூவருமே விட்டக்கருக்குக் கீழேதான் வருகிறார்கள்.

2001-ல் அவர் பெயர் முதல்முறையாக எழுத்தாளர்களின் ஓட்டுச்சீட்டில் வந்தது. கிடைத்தது 2.9 சதவீதம். அத்தோடு கதை முடிந்தது. ஒரே நாளில் அவரோடு சேர்ந்து அறிமுகமாகி, பக்கத்திலேயே ஷார்ட்ஸ்டாப்பாக நின்ற ஆலன் டிராமெல் 2018-ல் கூப்பர்ஸ்டவுனுக்குப் போய்விட்டார். ஜோடியில் ஒருவருக்கு மட்டும் பந்தி போட்ட மாதிரி இருக்கிறது.

என் கேள்வி இதுதான். ஊக்கமருந்து, சூதாட்டம், வாய்த்துடுக்கு என்று எந்த வம்பும் இல்லாமல், வெறும் விதிமுறையில் சிக்கிக் காணாமல் போன ஓய்வுபெற்ற ஆட்டக்காரர்களில் நீங்கள் முதலில் யாரை உள்ளே அனுப்புவீர்கள்?

புதுக்கையுறை:

அண்ணா, நான் பேஸ்பால் பார்க்க ஆரம்பித்துக் கொஞ்ச காலம்தான் ஆகிறது. 2.9 சதவீதம் வாங்கினால் அதோடு முடிந்தது என்றால் என்ன அர்த்தம்? அடுத்த வருடம் மறுபடி நிற்க முடியாதா? பதினாறு பேர் குழு என்பது யார்?

இடதுகை_பிட்ச்சர்:

தம்பி, சுருக்கமாகச் சொல்கிறேன். ஆட்டத்தை விட்டு ஐந்து வருடம் ஆனதும் பெயர் ஓட்டுச்சீட்டுக்கு வரும். ஓட்டுப் போடுவது பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தில் குறைந்தது பத்து வருடம் உறுப்பினராக இருந்தவர்கள். ஒருவர் அதிகபட்சம் பத்துப் பேருக்குப் போடலாம். 75 சதவீதம் வாங்கினால் உள்ளே, 5 சதவீதத்துக்குக் கீழே போனால் பெயர் அடிபட்டுவிடும், நடுவில் இருப்பவர்கள் பத்து வருடம் வரை நிற்கலாம். முன்பு பதினைந்து வருடமாக இருந்ததை 2014-ல் குறைத்துவிட்டார்கள். இப்படி வெளியே போனவர்களுக்குப் பின்வாசல் மாதிரி இருப்பதுதான் அந்தக் குழு. பழைய ஆட்டக்காரர்கள், அணி நிர்வாகிகள், எழுத்தாளர்கள் என்று பதினாறு பேர், பன்னிரண்டு ஓட்டு வேண்டும், ஒவ்வொருவரும் மூன்று பேருக்கு மேல் போட முடியாது. ஆனால் குழு முன்னால் போவதற்கு முதலில் அந்த எட்டுப் பேர் பட்டியலில் இடம் பிடிக்க வேண்டும். புலி அழுவது அதைப் பற்றித்தான்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். என் ஆள் கென்னி லாஃப்டன், அதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. 1992 முதல் 1996 வரை தொடர்ந்து ஐந்து வருடம் அமெரிக்கன் லீகில் அதிக பேஸ் திருடியவர் (பந்து அடிபடக் காத்திராமல் அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடித்தவர்) அவர்தான், வாழ்நாள் மொத்தம் 622. 2,428 ஹிட், பேட்டிங் சராசரி .299, சென்டர் ஃபீல்டில் சிறந்த தடுப்பாட்டத்துக்கான கோல்டு கிளவ் விருது நான்கு. தொண்ணூறுகளில் கிளீவ்லாந்து எழுந்து நின்றதே அவர் முதலில் போய் பேஸில் நின்றதால்தான் என்பேன். வார் 68. இவ்வளவும் இருந்து 2013-ல் முதல் தடவையே 3.2 சதவீதத்தோடு அனுப்பிவிட்டார்கள்.

அந்த வருடத்து ஓட்டுச்சீட்டை எடுத்துப் பாருங்கள். பிஜியோ, பியாட்சா, பேக்வெல், ரெய்ன்ஸ், எட்கர் மார்ட்டினெஸ், லாரி வாக்கர், டிராமெல், ஜாக் மோரிஸ், லீ ஸ்மித், மெக்ரிஃப். இன்று இவர்கள் அத்தனை பேரும் கூப்பர்ஸ்டவுனில். அன்று? ஒருவர்கூடத் தேறவில்லை! பிஜியோதான் முதலிடம், அவருக்கே 68 சதவீதம்தான். எல்லோரும் முட்டி மோதிக்கொண்டிருந்த அந்தக் கூட்டத்தில் லாஃப்டன் மிதிபட்டார்.

மெக்கோவி_கோவ்:

புலி, பாண்ட்ஸை ஓரமாக வை என்று நீங்கள் சொன்னாலும் முடியாது, ஏனென்றால் இடதுகை சொன்ன அந்த 2013 கூட்டமே பாண்ட்ஸும் கிளெமன்ஸும் முதல் தடவை வந்ததால் ஏற்பட்ட நெரிசல். இருவரும் பத்து வருடம் அங்கேயே நின்றார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத்தாளர்கள் அவர்களுக்குப் போட்டார்கள், மற்றவர்கள் மாட்டேன் என்றார்கள், அதனால் உள்ளேயும் போகாமல் வெளியேயும் போகாமல் இரண்டு இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். பத்து ஓட்டில் இரண்டு அங்கே போய்விட்டால் லாஃப்டனுக்குப் போட நினைத்தவனுக்குக்கூட இடம் இல்லை. ஆகவே முதல் வருடமே பாண்ட்ஸைத் தேர்ந்தெடுத்திருந்தால் உங்கள் ஆட்களும் பிழைத்திருப்பார்கள். இது என் கட்சி.

அப்புறம், பாண்ட்ஸ் ஊக்கமருந்தால் மட்டுமே பெரிய ஆளானார் என்று பேசுபவர்கள், அதை எடுத்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு முந்தைய, 1998 வரைக்கும் உள்ள கணக்கை மட்டும் பாருங்கள். 411 ஹோம் ரன், 445 திருட்டு, மூன்று எம்விபி, எட்டு கோல்டு கிளவ். அன்றைக்கே ஓய்வு பெற்றிருந்தால் முதல் சீட்டிலேயே உள்ளே போயிருப்பார். 2001-ல் 73, மொத்தம் 762 என்பதெல்லாம் அதற்கு மேலே. 2004-ல் எதிரணிகள் வேண்டுமென்றே 120 தடவை அவருக்கு வாக் கொடுத்தன, அதாவது அடிக்க விடாமல் முதல் பேஸுக்கு அனுப்பிவைத்தன. பயந்தார்கள் ஐயா!

இன்னொன்று, ஊக்கமருந்துக் காலம் முழுக்கக் கமிஷனர் நாற்காலியில் இருந்த பட் சீலிக் 2017-லேயே உள்ளே. ஊக்கமருந்து எடுத்ததை ஒப்புக்கொண்ட மார்க் மக்வையருக்கு மேனேஜராக இருந்த டோனி லா ரூசா உள்ளே. 2003 ஊக்கமருந்துச் சோதனையில் பாசிட்டிவ் ஆனவர்கள் பட்டியலில் டேவிட் ஆர்ட்டிஸ் பெயர் இருந்தது என்று 2009-ல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது, தெரிந்து எதுவும் எடுத்ததில்லை என்று அவர் சொன்னார், சரி, விட்டுவிட்டார்கள். 2022-ல் அவர் முதல் வருடமே 77.9 சதவீதம். அதே சீட்டில் கடைசி வருடமாக நின்ற பாண்ட்ஸுக்கு 66. யாரை மன்னிப்பது என்பதற்கு ஆளின் சிரிப்புதான் அளவுகோல் என்றால் அதை வெளிப்படையாக எழுதி வைக்கட்டும்.

மூன்றாம்_ஸ்ட்ரைக்:

கோவ் சார், வாதம் நன்றாக இருக்கிறது, ஆனால் ஓட்டுப்போடுபவருக்குக் கொடுக்கும் விதியிலேயே நேர்மை, விளையாட்டு மனப்பான்மை, குணம் மூன்றையும் பார்க்கச் சொல்லி எழுதியிருக்கிறது. பாண்ட்ஸுக்குப் போடாதவன் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. 1998-க்கு முன் அவர் மகத்தான ஆட்டக்காரர், ஒத்துக்கொள்கிறேன். அப்படிப்பட்டவர் அதற்குப் பிறகு அதைச் செய்ததுதான் என்னை இன்னும் கோபப்படுத்துகிறது. சீலிக் உள்ளே இருப்பது தப்பு என்றால் தப்புதான். ஒரு தப்பைக் காட்டி இன்னொன்றுக்கு அனுமதி கேட்காதீர்கள்.

இனி அவருக்கு வழியும் குறைவு. 2025 டிசம்பரில் ஐந்து ஓட்டுகூட வாங்காதவர்களில் அவரும் கிளெமன்ஸும் உண்டு. புதிய விதிப்படி அப்படிப்பட்டவர்கள் அடுத்த சுற்றுப் பட்டியலில் வர முடியாது, அதாவது 2031 வரை காத்திருக்க வேண்டும், அப்போதும் ஐந்து ஓட்டு கிடைக்காவிட்டால் நிரந்தரமாக முடிந்தது. இதில் வேடிக்கை, சான் ஃபிரான்சிஸ்கோ அணியில் பாண்ட்ஸோடு ஒத்துப்போகாமல் 2002-ல் டக்அவுட்டிலேயே கைகலந்த கென்ட் அதே நாளில் அதே சீட்டிலிருந்து உள்ளே போனார்.

ரோஸ் பற்றி யாரும் ஆரம்பிப்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். 4,256 ஹிட், சந்தேகமே இல்லை. ஆனால் மேனேஜராக இருந்துகொண்டு சொந்த அணியின் மேல் பந்தயம் கட்டினார், 2004 வரை இல்லவே இல்லை என்று சாதித்தார். 2024 செப்டம்பரில் இறந்தார், 2025 மே மாதம் கமிஷனர் மேன்ஃப்ரெட் வாழ்நாள் தடை வாழ்நாளோடு முடியும் என்று அறிவித்து அவரைத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்தார். ஷூலெஸ் ஜோ ஜாக்சனும் அதே அறிவிப்பில் தடையிலிருந்து விடுவிக்கப்பட்டார். இருவரும் 2027 டிசம்பர் குழு முன் வரலாம். ஜாக்சனுக்கு நான் போடுவேன். 1919 உலகத் தொடரில் தோற்றுப்போகப் பணம் வாங்கினார் என்பது உண்மை, ஆனால் அதே தொடரில் .375 அடித்திருக்கிறார், நீதிமன்றம் விடுவித்தது, அதன்பிறகும் முப்பது வருடம் வெளியே நின்றே செத்தார். ரோஸுக்கு என்னால் போட முடியவில்லை. ஒரே குற்றம்தானே என்று கேட்டால் சரியாகப் பதில் சொல்லத் தெரியாது, ஆனால் கை வராது.

விட்டக்கர் பற்றி ஒரு குறுக்குக் கேள்வி, புலி கோபித்துக்கொள்ளக் கூடாது. 19 சீசனில் எம்விபி ஓட்டு அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு வருடம், 1983, எட்டாவது இடம். சராசரி .276. கடைசி வருடங்களில் இடதுகை பிட்ச்சர் வந்தால் ஸ்பார்க்கி ஆண்டர்சன் அவரை உட்காரவைத்தார். இதையெல்லாம் நேரில் பார்த்த எழுத்தாளர்கள்தானே 2001-ல் ஓட்டுப் போட்டார்கள்?

புலிக்கூட்டம்84:

கோபம் இல்லை, நல்ல கேள்வி. நேரில் பார்த்தவர்கள் பார்த்தது சராசரியையும் ஹோம் ரன்னையும்தான். விட்டக்கர் 1,197 வாக் வாங்கியவர், அது அந்தக் காலத்து நாளிதழ் கட்டத்தில் பெரிதாகத் தெரியாது. ஒரு வருடம் 35 ஹோம் ரன் அடித்து அடுத்த வருடம் படுத்துக்கொள்ளும் ஆள் அல்ல, வருடா வருடம் ஒரே மாதிரி நல்ல ஆட்டம். அப்படி ஆடுபவனை எம்விபி சீட்டில் யாருக்கும் ஞாபகம் வராது, பத்தொன்பது வருடத்தையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால்தான் தெரியும். ஹால் ஆஃப் ஃபேம் கூட்டிப் பார்க்கிற இடம்தானே? எம்விபி ஓட்டை வைத்துத்தான் முடிவு என்றால் பிறகு அந்த இடத்துக்குத் தனியாக ஓட்டெடுப்பு எதற்கு? இடதுகை விஷயம் உண்மை, மறுக்கவில்லை.

அவர் சத்தமில்லாத ஆள் என்பதும் காரணம். 1985 ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குச் சட்டையை வீட்டில் மறந்துவிட்டு வந்து, மினியாபோலிஸ் மைதானக் கடையில் ரசிகர்களுக்கு விற்கும் சட்டையை வாங்கி, முதுகில் மார்க்கர் பேனாவால் 1 என்று எழுதிப் போட்டுக்கொண்டு ஆடினார். அவரைப் பற்றிப் பலருக்குத் தெரிந்த ஒரே கதை இதுதான். அந்தச் சட்டை ஸ்மித்சோனியனுக்குப் போய்விட்டது, ஆள்தான் கூப்பர்ஸ்டவுனுக்குப் போகவில்லை.

2019-ல் ஒரு தடவை குழு முன் வந்தார், 6 ஓட்டு. அதோடு சரி, 2022 பட்டியலிலும் இல்லை, 2025-லும் இல்லை. ஆனால் எழுத்தாளர்களிடம் ஒரு வருடம்கூட 6.1 சதவீதத்தைத் தாண்டாத ஹரால்ட் பெயின்ஸை 2018 டிசம்பரில் குழு தேர்ந்தெடுத்தது. அவருக்குச் சிகாகோவில் மேனேஜராக இருந்த லா ரூசாவும் முதலாளி ரெய்ன்ஸ்டார்ஃபும் அந்தக் குழுவில் உட்கார்ந்திருந்தார்கள். பெயின்ஸ் நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்கிறார்கள், இருக்கட்டும். விட்டக்கருக்காக அறையில் பேச ஒரு ஆள் உட்கார்ந்திருந்தால் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

புதுக்கையுறை:

இப்போது புரிகிறது. ஒரு சந்தேகம், பிட்ச்சர்களில் இப்படி விடுபட்டவர் யாரும் இல்லையா?

இடதுகை_பிட்ச்சர்:

ஏன் இல்லை, யோஹான் சாந்தானா. 2004, 2006 இரண்டு சை யங் விருது (அந்த ஆண்டின் சிறந்த பிட்ச்சருக்கானது). தோள்பட்டை போனதால் 139 வெற்றியோடு நின்றார். 2018-ல் 2.4 சதவீதம், முடிந்தது. சாண்டி கோஃபாக்ஸுக்கும் கை போய்த்தான் 165 வெற்றியோடு நின்றது, அவருடைய உச்சம் இன்னும் பெரியது, உலகத் தொடர் பெருமையும் இருக்கிறது, அதனால் இருவரும் சமம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டாவது வருடம் விவாதிக்கக்கூடத் தகுதியில்லாதவரா சாந்தானா? இந்த 5 சதவீத விதியை 2 சதவீதமாகக் குறைத்தால்கூடப் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். விட்டக்கர், லாஃப்டன், சாந்தானா மூவருமே தப்பித்திருப்பார்கள், கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மெக்கோவி_கோவ்:

அந்தத் திருத்தத்துக்கு நானும் கையெழுத்துப் போடுகிறேன். பாண்ட்ஸை 2031-ல் பார்த்துக்கொள்கிறேன், மூன்றாம் ஸ்ட்ரைக்கை அப்போதும் இங்கேயே சந்திப்பேன்.

2028 டிசம்பர் குழுவுக்கு என் கையில் மூன்று ஓட்டு இருந்தால்: லாஃப்டன், டேல் மர்ஃபி, ட்வைட் எவன்ஸ். விட்டக்கருக்கு இடம் இல்லையே என்று புலி அடிக்க வராதீர்கள். எவன்ஸுக்கு எட்டு கோல்டு கிளவ், 385 ஹோம் ரன், அவரையும் மூன்றாவது வருடமே சீட்டிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

புலிக்கூட்டம்84:

மர்ஃபியை எடுத்துவிட்டு விட்டக்கரைப் போடுங்கள். மர்ஃபி 1982, 83 இரண்டு எம்விபி வாங்கினார், தெரியும், ஆனால் அதற்குப் பிறகு 1988 முதல் அவர் சராசரி எங்கே போனது என்று பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.