அம்மாயியின் விக்டோரியா ரூபாய்கள்: அசல்தானா, என்ன பெறும்?

நோர்வூட் தர்ஷி:
எல்லோருக்கும் வணக்கம். அம்மாயி தவறிய பிறகு, இங்கே இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில் ஒன்றான அவருடைய லயத்து வீட்டை ஒதுக்கினோம். அவருடைய வெற்றிலைப் பெட்டியின் அடியில் மூன்று விக்டோரியா வெள்ளி ரூபாய்கள் துணியில் முடிந்து கிடந்தன. இரண்டில் 1862, ஒன்றில் 1885. 1885இல் மாலை கோக்கிற வளையம் ஒட்டியிருக்கிறது. கூடவே இராமர் பட்டாபிஷேகமும் 1818உம் போட்ட ஒரு செம்புக் காசு, ஓட்டை போட்ட ஒரு தகர வட்டு. ஹட்டனில் ஒரு நகைக்கடையில் காட்டினேன். ரூபாய்களுக்கு உருக்குகிற வெள்ளி விலைதான் சொன்னார்கள், தகரத்தை வீசச் சொன்னார்கள். செம்புக் காசுக்கு மட்டும் ஒருவர் ஃபோனில் லட்சக்கணக்கில் பேசுகிறார். கறுத்த ரூபாய்களைப் புளி போட்டுத் துலக்கிவிட்டு விற்கலாமா?

ஹப்புத்தளை மாஸ்டர்:
மகள், புளி, சாம்பல், பற்பசை எதுவும் வேண்டாம். அந்தக் கறுப்பு பல வருடம் படிந்த படலம். துலக்கினால் மேற்பரப்பு முழுக்க மெல்லிய கீறல் விழும். விஷயம் தெரிந்தவர் கையில் எடுத்ததுமே கண்டுபிடித்து விலையைக் குறைப்பார்.

முதலில் எடை போடுங்கள். விக்டோரியா ரூபாய் ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். தேய்ந்தது கொஞ்சம் குறைவாக இருக்கும், அதிகமாக இருக்காது. அடுத்து, தராசில் ஒரு குவளைத் தண்ணீர் வைத்து எடையைப் பூஜ்ஜியமாக்கி, காசை நூலில் கட்டி அடியில் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். 91.7 சதவீத வெள்ளி என்றால் தராசு 1.1 கிராம் அளவில் காட்டும். பித்தளை, நிக்கல் கலந்த போலி தெளிவாக அதற்கு மேல் காட்டும். விளிம்பையும் பூதக்கண்ணாடியில் பாருங்கள். வார்த்தெடுத்த போலியில் சுற்றிவர ஒட்டுக்கோடு தெரியும்.

எழுத்தை அவசியம் படியுங்கள். 1862இல் 'விக்டோரியா குயீன்' என்றுதான் இருக்க வேண்டும். 1877இலிருந்துதான் 'எம்ப்ரஸ்'. 1862 என்று இருந்து 'எம்ப்ரஸ்' என்றும் இருந்தால் போலி, வேறு சோதனையே தேவையில்லை.

விலையைப் பற்றி ஒன்று. 1862 என்றதும் அபூர்வம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த ஆண்டைப் போட்டே 1874 வரை அடித்துக்கொண்டிருந்தார்கள், அதனால் அது ஏராளம். விலையைத் தீர்மானிப்பது ஆண்டு அல்ல, தேய்மானம். கிரீடத்தின் கற்கள், கன்னத்தோர முடி, சட்டையின் பூவேலை மூன்றும் கூராக இருந்தால் வெள்ளி விலையைப் போல் பல மடங்கு. மழுங்கியிருந்தால் வெள்ளிக்குச் சற்று மேலே. காசு சேகரிப்பவர்கள் வளையம் ஒட்டியதைப் பெரும்பாலும் ஒதுக்குவார்கள். அதற்காக வளையத்தைப் பிடுங்க வேண்டாம், பற்றவைத்த தழும்பு போகாது. என்னைக் கேட்டால் அதை விற்கவே கூடாது. அம்மாயி கழுத்தில் கிடந்தது.

கட்டுகஸ்தோட்டை ரிஸ்வான்:
தங்கச்சி, ஃபோன்காரரை உடனே நிறுத்துங்கள். அந்தக் காலத்தில் காசு அடித்த கிழக்கிந்தியக் கம்பனி அப்படி இராமர் போட்ட 1818 காசு அடித்ததே இல்லை. பின்னாட்களில் யாரோ செய்துவிட்டவை. காசு காந்தம் போல அரிசியை இழுக்கும், அதில் இரிடியம் என்ற விலையுயர்ந்த உலோகம் இருக்கிறது என்று சொல்லி, அப்புறம் 'பரிசோதனைக் கட்டணம்' கேட்பார்கள். ஒரு சதமும் அனுப்பிவிடாதீர்கள்.

நோர்வூட் தர்ஷி:
ரொம்ப நன்றி மாஸ்டர், நன்றி ரிஸ்வான் நானா. அந்த நம்பரைத் தடுத்துவிட்டேன். 1862 இரண்டும் 11.5, 11.4 கிராம். தண்ணீரில் இரண்டுமே 1.1. 'குயீன்' என்றே இருக்கிறது. ஒன்றில் பூவேலை நன்றாகத் தெரிகிறது, மற்றதில் முடியே தெரியவில்லை. தகர வட்டில் ஒரு எழுத்தும் சில எண்களும் குத்தியிருக்கின்றன.

ஹப்புத்தளை மாஸ்டர்:
ரூபாய் இரண்டும் அசல் என்றே தோன்றுகிறது. பூவேலை தெரிவதை உருக்கு விலைக்குக் கொடுக்காதீர்கள், காசு சேகரிப்பவர் இரண்டு பேரிடமாவது விலை கேளுங்கள். பிளாஸ்டிக் உறையில் போடாமல் நல்ல காகித உறையில் தனித்தனியாக வையுங்கள்.

அந்தத் தகரம், இந்தியாவிலிருந்து நம் ஆட்களைக் கொண்டுவந்த காலத்தில் எந்தத் தோட்டத்துக்குப் போகிற ஆள் என்று அடையாளத்துக்குக் கொடுத்த துண்டாக இருக்கலாம். தேயிலையை ஏற்றுமதி செய்தவர்களின் பெயர் ஏட்டில் இருக்கிறது. தேயிலை பறித்தவர்களுக்கு எஞ்சியது பெரும்பாலும் இப்படியான எண்தான். துருவைச் சுரண்டாமல், ஈரம் படாமல் வையுங்கள். எழுத்தையும் எண்ணையும் இங்கே எழுதுங்கள், எந்தத் தோட்டம் என்று தேடிப் பார்க்கலாம். அம்மாயியின் அப்பா அம்மா பெயர் வீட்டில் பெரியவர்கள் யாருக்காவது தெரிந்தால் அதையும் கேட்டு எழுதி, துண்டோடு வையுங்கள்.