குழு கரணையைப் பிடிக்கோணுமா, காயிதத்தைப் பிடிக்கோணுமா?

நொய்யல்கரை:
கேள்வி இதுதானுங்க. காங்கேயம், தாராபுரம், கோபி அளவுள்ள ஒரு நகராட்சி. அங்க பழைய கட்டடம், கல்வெட்டு, நடுகல்லுன்னு பார்த்துக்கிற தன்னார்வக் குழு ஒண்ணு. ஆள் பத்துப் பன்னெண்டு பேர்: ஓய்வுபெற்ற வாத்தியார், ஒரு சிவில் என்ஜினீயர், ரெண்டு கடைக்காரர், மீதி காலேஜ் பசங்க. பேங்குல கிடக்கிற பணம் ஒரு கல்யாணப் பந்தலுக்குக் கூடப் பத்தாது. கடைவீதிக்குப் பின்னால பழைய சத்திரம் ஒண்ணு, மெட்ராஸ் டெரஸ் கூரை, மழைக்கு ஒழுகுது. நன்கொடை தர்றவர் ஒருத்தர் "சிமெண்டும் பெயிண்டும் என் பொறுப்பு, இந்த மாசமே ஆரம்பிங்க"ன்னு நிக்கிறார். குழுவுல பாதிப் பேரு சரிங்கிறாங்க. மீதிப் பேரு, ஊர் முழுக்கப் பட்டியல் எடுத்துட்டு அப்புறம் வேலையில இறங்கலாம்ங்கிறாங்க. எது சரி? விவரமா எழுதுங்க. வாழ்த்து மட்டும் போடறவங்க கொஞ்சம் பொறுத்துக்குங்க.

புலப்படம்:
சிமெண்டைப் பத்தி அப்புறம் பேசலாம். அந்தச் சத்திரம் யார்தது? வருவாய்த் துறையா, நகராட்சியா, அறநிலையத் துறையா, பழைய தர்ம டிரஸ்டா? தாலுகா ஆபீஸ்ல நகர நில அளவைப் பதிவேட்டு நகலும் பிளாக் மேப்பும் வாங்கினாத்தான் தெரியும். நகராட்சியோட பின்னாடி சேர்ந்த கிராமப் பகுதின்னா அ-பதிவேடும் (எந்த நிலம் யார் பேர்லங்கிற கிராமப் பதிவேடு) புலப்படமும் (நிலத்தோட அளவுப் படம்) பார்க்கோணும். நிறைய ஊர்ல சத்திரம் ஒருத்தர் பேர்லயும் அது நிக்கிற நிலம் புறம்போக்குன்னும் இருக்கும். உரிமையாளர் எழுத்துல சம்மதம் தராம ஒரு செங்கல்லைத் தொட்டாலும் அத்துமீறல்தான். கூரை இடிஞ்சு யார் மேலயாவது விழுந்தா நன்கொடையாளர் கல்வெட்டுல பேர் போட்டுக்குவார், போலீஸ் ஸ்டேஷன்ல குழு உட்கார்ந்திருக்கும்.

இன்னொண்ணு. பக்கத்துல மத்திய தொல்லியல் துறைச் சின்னம் ஏதாச்சும் இருக்கான்னு பாருங்க. மத்திய நினைவுச்சின்னச் சட்டத்துக்கு 2010-ல வந்த திருத்தத்துக்கு அப்புறம் சின்னத்தைச் சுத்தி 100 மீட்டர் தடைப் பகுதி, அதுக்கு வெளிய 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. அங்க மராமத்துக்கே தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தோட அனுமதி வேணும். நாமக்கல் கோட்டை அடிவாரத்துல வீடு வெச்சிருக்கிறவங்களைக் கேட்டா கதை கதையாச் சொல்வாங்க.

குழுவையும் பதிவு பண்ணுங்க. 1975 சங்கப் பதிவுச் சட்டத்துல 7 பேர் இருந்தாப் போதும். பதிவு இல்லாத குழு குடுக்கிற மனுவை நகராட்சியில வாங்கி மேசை மேல வெப்பாங்க, அவ்வளவுதான்.

கரணை:
புலப்படம் அண்ணா சொல்றது அத்தனையும் சரிங்ணா. ஆனா பதிவேட்டு நகல் வர்றதுக்குள்ள ஐப்பசி வந்துரும். மெட்ராஸ் டெரஸ் எப்படிச் சாகுதுன்னு தெரிஞ்சா இப்படிப் பொறுமையாப் பேச மாட்டீங்க.

தேக்குக் கட்டைகளை வரிசையாப் போட்டு, அது மேல சின்ன டெரஸ் செங்கல்லை நெட்டுக்குத்தா, கோணவாட்டத்துல, சுண்ணாம்புல பதிச்சிருப்பாங்க. அதுக்கு மேல சுமார் 3 அங்குலம் செங்கல் ஜல்லிக் காரை. கடுக்காய்-வெல்லத் தண்ணி தெளிச்சு மரக்கட்டையால நாள்கணக்கா அடிச்சு இறுக்கினது. மேல தட்டோடு. இந்தத் தளம் நடுவுல ஒழுகறது கம்மி. மழைத்தண்ணி வெளியேறுற வாய் புறாக் கழிவும் இலையுமா அடைச்சு, தண்ணி கைப்பிடிச் சுவத்தோரம் தேங்கும். சுவத்துல நீர் இறங்கி, சுவத்துக்குள்ள சொருகியிருக்கிற கட்டை முனை ஊறிப் போகும். அந்த முனை மக்குறதைத்தான் கீழ இருந்து "கூரை ஒழுகுது"ன்னு சொல்றாங்க. அது மேல சிமெண்டுத் தளம் போட்டா மக்கின முனை மேல இன்னும் பாரம். சதுர அடிக்குப் பத்துக் கிலோவுக்கு மேல ஏறும்.

ஆக நன்கொடையாளர் சிமெண்டு வேண்டாம், பெயிண்டும் வேண்டாம். வாயைச் சுத்தம் பண்றது, அரசஞ்செடியை வெட்டறது, பேந்த தட்டோட்டு இடுக்கைச் சுண்ணாம்புல அடைக்கிறது. இது மராமத்துக் கூட இல்லீங்க, வீட்டுக்கு வீடு வருசா வருசம் பண்ணிட்டிருந்த வேலை. இதுக்கு எதுக்கு ஆணையம்?

கடைவீதி:
பட்டியல் பட்டியல்ங்கிறீங்களே, அதுல பேர் வந்துட்டா அந்த வீட்டுக்காரன் கதி என்னன்னு யோசிச்சீங்களா? தொட்டிக்கட்டு வீடு, அதாவது நடுவுல முற்றம் வெச்ச பழைய வீடு ஒண்ணு இருக்குன்னு வையுங்க. அப்பச்சி காலத்துச் சொத்து, பாகம் பிரியாத நாலு பங்காளி, ரெண்டு பேர் திருப்பூர்ல. "பாரம்பரியக் கட்டடம்"னு நாளைக்குப் பேப்பர்ல வரப்போகுதுன்னு காதுல விழுந்தாப் போதும், அன்னைக்கு ராத்திரியே ஜேசிபி வந்துரும். காப்பாத்தறோம்னு சொல்லி இடிக்க வெச்ச மாதிரி ஆகும். ரோட்டு மேல முகப்பு வெச்ச கடைக்காரனுக்கு அந்த 20 அடி முகப்புத்தான் பொழப்பு. குழு என்ன தரும்? சர்ட்டிபிகேட்டா?

நடுகல்தேடி:
பட்டியல்னா கட்டடம் மட்டும்னு யார் சொன்னது? கொடுமணலும் அறச்சலூர் இசைக்கல்வெட்டும் புகழூர் ஆறுநாட்டார் மலையும் பேர் வாங்கின இடங்கள், அதைப் பேச ஆள் இருக்கு. ரோட்டோரம் பாதி புதைஞ்சு, மேல பச்சைப் பெயிண்ட் அடிச்சு, சூலம் நட்டு வெச்சிருக்கிற புலிகுத்திக்கல்லுக்கு யார் இருக்கா? மாட்டுப் பட்டிக்குக் காவல் நின்னு புலியைக் குத்திச் செத்தவனுக்கு நட்ட கல் அது. காங்கேயம் மாட்டு நாட்டுல இது இல்லாத ஊரைத் தேடித்தான் பிடிக்கோணும்.

ரோடு அகலப்படுத்தும்போது இதுதான் முதல்ல போகும். கல்லுல மூணுல ஒரு பங்கு கூட மண்ணுக்குள்ள இருக்கலாம். ஜேசிபிக்காரர் மேல இருக்கிறதைப் பார்த்துத் தட்டுவார், மண் மட்டத்துல ஒடிஞ்சு ரெண்டாப் போகும். சரியான வழி: கல்லைச் சுத்தி ரெண்டடி விட்டுக் கையால தோண்டணும். எழுத்து கீழ வரைக்கும் இறங்கியிருக்கான்னு பார்க்கணும். நின்ன திசை, ஆழம், ஜிபிஎஸ் மூணையும் குறிச்சு, அளவுகோல் பக்கத்துல வெச்சுப் படம் எடுக்கணும். தூக்கறதுக்கு நைலான் பெல்ட். சங்கிலி போட்டா விளிம்பு பேந்துரும். மொத்தம் நாலடி உயரம், ரெண்டடி அகலம், அரையடி கனம் உள்ள கல்லே 300 கிலோ வரும், நாலு பேர் சேர்ந்து தூக்கிரலாம்னு நினைக்காதீங்க. தோண்டறப்போ காசோ சிலையோ கிடைச்சா 1878 புதையல் சட்டப்படி கலெக்டருக்கு எழுதித் தரணும். பத்து ரூபாய்க்கு மேல மதிப்புன்னாலே பொருந்தும், அதனால எல்லாத்துக்கும் பொருந்தும்னு வெச்சுக்குங்க.

இதெல்லாம் பட்டியல் இருந்தாத்தான் முடியும். நெடுஞ்சாலைத் துறை அளவுக்கல் நடறப்பவே "இந்தக் கிலோமீட்டர்ல இந்தக் கல் இருக்கு"ன்னு படத்தோட கடிதம் போயிருக்கணும். ஜேசிபி வந்ததுக்கு அப்புறம் போனா வாய்த்தகராறுதான் மிச்சம்.

கரணை:
நடுகல்லுக்குப் பட்டியல் வேணும், ஒத்துக்கறேன். ஆனா பட்டியல் எடுக்கப் போற பசங்க சாக்பீஸையும் இரும்பு பிரஷ்ஷையும் எடுத்துட்டுப் போறாங்களே, அதைச் சொல்லுங்க. எழுத்து தெரியலைன்னு மைதா மாவு தேச்சுப் படம் எடுக்கிற கூட்டமும் இருக்கு.

நடுகல்தேடி:
உண்மைதான், அதை முதல் நாளே நிறுத்தணும். தேங்காய் நார் பிரஷ்ஷும் வெறும் தண்ணியும் போதும். ஆசிட், சோப்பு எதுவும் கூடாது. பெயிண்ட் அடிச்சிருந்தா அப்படியே விட்டுருங்க, அதை எடுக்கறது வேதியியல் தெரிஞ்சவங்க வேலை. எழுத்து படிக்கிறதுக்குச் சாயங்காலம் இருட்டினதுக்கு அப்புறம் டார்ச்சைக் கல்லோட ஒட்டினாப்புல, பக்கவாட்டுல பிடிச்சு, நாலு திசையில இருந்தும் தனித்தனியா எடுங்க. ஒரு திசையில காணாத கோடு இன்னொண்ணுல நிழல் விழுந்து தெரியும். கேமரா ஸ்டாண்டுல அசையாம இருக்கணும், வெளிச்சம் மட்டும்தான் நகரணும்.

மைப்படி, அதாவது கல்லெழுத்தைத் தாள்ல மையால பதிச்சு எடுக்கிறது, பழகினவங்க இல்லாம வேண்டாம். கல்லை நனைச்சு, ஈரத் தாளை ஒட்டி, பிரஷ்ஷால தட்டித் தட்டி எழுத்துக் குழிக்குள்ள தாளை இறக்கணும். தாள் பாதி காஞ்சதும் மைப் பொதியை ஒத்தினா எழுத்து வெள்ளையா நிக்கும். ஈரம் கூடினா மை ஊறிக் கல்லுல கறை விழும், காத்தடிச்சா தாள் கிளம்பிரும். நம்ம பக்கம் ஆடிக் காத்துல இதை நினைக்கவே வேண்டாம்.

படி எடுக்கறதுக்கு முன்னால அந்தக் கல்வெட்டு ஏற்கெனவே பதிவானதான்னும் பாருங்க. மத்திய தொல்லியல் துறையோட கல்வெட்டு ஆண்டறிக்கை 1887-ல இருந்து இருக்கு. "புதிய கண்டுபிடிப்பு"ன்னு பேப்பருக்குச் செய்தி குடுத்துட்டு அப்புறம் முழிக்கிற குழுக்கள் ரொம்ப.

புலப்படம்:
கரணைக்குப் பதில். "வருசா வருசம் பண்ற வேலை"ன்னு ஆரம்பிச்சுத்தான் எல்லாம் கெட்டுது. கோயில்கள்ல மணல் வீச்சுக்கு, அதாவது கம்ப்ரஸர் வெச்சு மணலை அடிச்சுக் கல்லைச் சுத்தம் பண்றதுக்குத் தடை இருக்கு. "வாட்டர் வாஷ்"னு பேரை மாத்திட்டு அதே கம்ப்ரஸரைக் கொண்டு வர்றாங்க. தூண் சிற்பத்தோட மூக்கு மழுங்கினதுக்கு அப்புறம் யார் பொறுப்பு? 2021 ஜூன்ல சென்னை உயர் நீதிமன்றம் பாரம்பரியப் பாதுகாப்புக்கு 75 உத்தரவு போட்டதே, இப்படி ஆளாளுக்கு அன்பு காட்டினதும் அதுக்கு ஒரு காரணம். மாநில பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-லயே வந்துருச்சு. அந்த மாதிரி இடத்துக்குக் கொண்டு போகணும்னாலும் அளவும் படமும் உரிமைப் பத்திரமும் உள்ள கோப்புத்தான் நிக்கும். சத்திரத்துக்குச் சுண்ணாம்புல அடைக்கிறேன்ங்கிறீங்க. இன்னைக்கு அதைக் கலக்கத் தெரிஞ்ச ஆள் எத்தனை பேர்?

கரணை:
கம்மிதான். அதுக்குத்தான் குழு வேணும்ங்கிறேன். மதுக்கரையும் சங்ககிரியும் சுண்ணாம்புக்கல் பூமி, ஆனா ரெண்டு இடத்துலயும் கல்லு சிமெண்டு ஆலைக்குப் போகுது. காளவாசல் சுண்ணாம்புக் கல்லைத் தேடித்தான் வாங்கோணும்.

கணக்குச் சொல்றேன், தப்பிருந்தாத் திருத்துங்க. 100 சதுர அடி சுவத்துக்கு அரை அங்குலக் கனத்துல பூச, சலிச்ச மணல் நாலேகால் கன அடி, சுண்ணாம்பு விழுது 40 லிட்டர், அதாவது மூணுக்கு ஒண்ணு. கல்லு சுண்ணாம்பை நீத்துன (தண்ணி விட்டுப் பொரிய வெச்ச) அன்னைக்கே பூசக் கூடாது. தொட்டியில தண்ணிக்கு அடியில குறைஞ்சது மூணு வாரம் ஊறணும், வலையில வடிகட்டணும். நீறாத துணுக்கு ஒண்ணு உள்ள போனாக்கூட, பூசி மாசங்கழிச்சுப் பொரிஞ்சு வட்டமா வெடிச்சு விழும். எம்-சாண்ட்ல மாவு ஜாஸ்தி, கழுவாமப் போட்டா தலைமுடி மாதிரி விரிசல் ஓடும். ஒரே தடவையில கனமா அப்பாதீங்க. ஈரச் சாக்குக் கட்டி ரெண்டு வாரம் காய விடாம வெச்சிருங்க. சித்திரை வெயில்ல ஆரம்பிக்கவே வேண்டாம்.

சிமெண்டு ஏன் ஆகாதுன்னா, சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளிய விடும். சிமெண்டுப் பூச்சு அதை அடைச்சிரும். ஈரம் உள்ளயே ஏறி, உப்புப் பூத்து, செங்கல் மாவா உதிரும். பூச்சு மட்டும் பலகை மாதிரி நிக்கும், தட்டினா டொப்புன்னு சத்தம் வரும். "நல்லாத்தானே இருக்கு"ன்னு அஞ்சாறு வருசம் நினைச்சுட்டிருப்பாங்க.

கடைவீதி:
எனக்குப் பதில் வரலையே. சத்திரத்துக்கு சம்மதம், நடுகல்லுக்குக் கடிதம், எல்லாம் சரி. சொந்தக்காரனுக்கு என்ன?

நொய்யல்கரை:
ஓட்டு வங்கி வெக்கலாமேங்க? தேர்தல் ஓட்டு இல்ல, மங்களூர் ஓடு. இடிக்கிற வீட்டுல இருந்து ஓட்டை வாங்கி வெச்சு, ஒழுகற வீட்டுக்குக் கேட்ட விலைக்குத் தர்றது. 100 சதுர அடிக்கு 140, 150 ஓடு போகும். ஒரு வீட்டுக்குத் தேவைப்படறது பெரும்பாலும் முப்பது நாப்பதுதான், அதுக்குப் புதுசு கிடைக்காமத்தான் ஷீட் போட்டுடறாங்க.

கரணை:
நல்ல யோசனை, ஆனா குவியலாக் கொட்டி வெச்சா ஒண்ணுக்கும் ஆகாது. பேசல் மிஷன் 1865-ல மங்களூர்ல ஆலை போட்டதுக்கு அப்புறம் ஆளாளுக்கு ஆலை வெச்சாங்க, ஒவ்வொருத்தர் அச்சும் கொஞ்சம் வேற. பள்ளமும் மேடும் சரியாப் பூட்டிக்காது, அந்த இடுக்குல சாரல் ஏறும். ஓட்டுக்கு அடியில இருக்கிற முத்திரையைப் பார்த்துத் தனித்தனியா அடுக்கோணும். விரலால சுண்டினா மணி மாதிரிக் கேக்கோணும். சத்தம் செத்திருந்தா உள்ள கீறல்.

கடைவீதி:
இது சொன்னீங்க பாருங்க, இது பேச்சு. இதோட பட்டியலை ரெண்டாப் பிரிங்க. பொதுச் சொத்துப் பட்டியல் நகராட்சிக்குப் போகட்டும். தனியார் வீடு சொந்தக்காரன் கையெழுத்துப் போட்டாத்தான் வெளிய வரணும், இல்லாட்டி அளவும் படமும் குழுக் கையோட இருக்கட்டும். அப்படீன்னா நான் எதிர்க்கலை.

புலப்படம்:
அதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன். தெருவுல நின்னு பார்த்தா தெரியிற முகப்புக்குக் கையெழுத்து எதுக்கு? மூணு வருசம் கழிச்சு இடிச்சுட்டு "இங்க ஒண்ணுமே இல்லையே"ன்னு சொன்னா என்ன காட்டுவீங்க? முகப்பு பொதுப் பட்டியல்ல வரட்டும், வீட்டுக்குள்ள உள்ளது வேணும்னா ரகசியமா இருக்கட்டும். சத்திரத்துக்கு நமக்கு நாமே திட்டத்துல கேளுங்க, மூணுல ஒரு பங்கு மக்கள் பங்களிப்பு. நன்கொடையாளர் சிமெண்டுக்குப் பதிலா அந்தப் பங்கைக் கட்டட்டும். ஆனா மதிப்பீட்டுல சுண்ணாம்பு வேலைன்னு பிரிச்சு எழுதலைன்னா டெண்டர் எடுத்தவர் சிமெண்டுதான் பூசுவார்.

கடைவீதி:
முகப்பு விஷயத்துல நான் இறங்கி வர மாட்டேன், எழுதி வெச்சுக்குங்க.

நொய்யல்கரை:
அது தனியாப் பேசலாம். சத்திரத்துல சம்மதக் கடிதம் கைக்கு வந்ததும், மழைக்கு முன்னால மேல ஏறி வாயைச் சுத்தம் பண்றதுன்னா எத்தனை பேர் வேணும்?

கரணை:
எத்தனை பேருங்கிறது அப்புறம். முதல்ல கீழ இருந்து பாருங்க. ஏணி போட்டு, ஒவ்வொரு கட்டையும் சுவத்துக்குள்ள போற இடத்துல ஸ்க்ரூடிரைவரை வெச்சு அமுத்துங்க. அரை அங்குலத்துக்கு மேல சுலபமா இறங்கினா அந்தக் கட்டைக்கு அடியில ஜாக்கி இல்லாட்டி சவுக்கு முட்டுக் குடுக்காம யாரும் மேல கால் வெக்கக் கூடாது. எல்லா முனையும் கெட்டியா இருந்தா ரெண்டு பேர் போதும், கட்டை ஓடற வரிசை மேலயே நடக்கோணும். வாயைத் தோண்டறதுக்குக் கடப்பாரை வேண்டாம், மூங்கில் குச்சியும் கையும் போதும். அரசஞ்செடியைப் பிடுங்கினா வேரோட கைப்பிடிச் சுவரும் வந்துரும். தண்டை அடியில வெட்டி, வெட்டின வாயில அப்பவே களைக்கொல்லி தடவோணும், அதுக்கு உரிமம் உள்ளவரைக் கூட்டிட்டுப் போங்க. உப்பும் மயில்துத்தமும் ஊத்தச் சொல்வாங்க, ஊத்தாதீங்க, அதே உப்பு சுவத்துக்குள்ள இறங்கும். தார்ப்பாய் போடறதா இருந்தா தளத்தோட ஒட்டிப் போடாதீங்க. கொம்பு நட்டு ஒண்ணரையடி தூக்கிக் கட்டுங்க, காத்துப் போகட்டும்.