எதைக் கேட்டாலும் "எனக்குத் தெரியாது மாமா": அக்கா மகளோடு என்ன விளையாடலாம்?

தடைக்கால மாமா, தங்கச்சிமடம்:

வணக்கம். நான் ராமேஸ்வரத்தில் விசைப்படகுத் தொழிலுக்குப் போகிறவன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் படகு கரையில் கிடக்கிறது. காலையில் வலை பொத்துவேன், மத்தியானத்துக்கு மேல் சும்மாதான். திருப்பூரில் இருக்கும் அக்கா, லீவுக்கு மகளை எங்களிடம் அனுப்பியிருக்கிறாள். எட்டு வயசு, நாலாம் வகுப்புக்குப் போகப் போகிறாள்.

தங்கமான பிள்ளை. ஆனால் எதைக் கேட்டாலும் முதல் பதில் "எனக்குத் தெரியாது மாமா". தாயம் ஆடலாமா என்றால் தெரியாது. தோசைக்குச் சட்னியா சாம்பாரா என்றால் அதுவும் தெரியாது. எதிர்க்கடையில் ஒரு தீப்பெட்டி வாங்கிவரச் சொன்னால் என் அம்மாவின் சேலைக்குப் பின்னால் போய்விடுகிறாள். போன வருஷம் ஆண்டு விழாவில் மைக் முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். மனப்பாடம் பண்ணியது மறந்துபோய் அப்படியே நின்றிருக்கிறாள். யாரோ சிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்துதான் இப்படி என்கிறாள் அக்கா.

இதில் என் தப்பும் ஒன்று இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். வந்த இரண்டாம் நாளே கடலுக்குக் கூட்டிப்போனேன். கடல்காரன் மருமகள் தண்ணீருக்குப் பயப்படலாமா என்று தூக்கிக்கொண்டுபோய் அவள் இடுப்பளவுத் தண்ணீரில் விட்டேன். எங்கள் அப்பா என்னை அப்படித்தான் பழக்கினார். அவள் கத்தக்கூட இல்லை. என் கழுத்தைப் பிடித்த பிடியில் நகம் பதிந்து மூன்று நாள் எரிந்தது. இப்போது கடற்கரைப் பக்கமே வர மாட்டேன் என்கிறாள்.

பாட்டு கிளாஸ், பேச்சு கிளாஸ் எல்லாம் வேண்டாம். அவளும் நானும் சிரித்துக்கொண்டே செய்கிற மாதிரி, அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வருகிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள். இன்னும் மூன்று வாரம் இருப்பாள். தடைக்காலம் என்பதால் கையில் காசும் குறைவுதான், அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

கம்புக்காரன், ராமநாதபுரம்:

சிலம்பம் சேர்த்துவிடுங்கள் அண்ணே. எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாம் போகிறார்கள். கம்பு சுற்ற ஆரம்பித்தால் பயம் தானாகப் போய்விடும்.

ஓலைப்பெட்டி அத்தை, உச்சிப்புளி:

தம்பி, பிள்ளையைத் தண்ணீரில் விட்டதைப் படித்ததும் உங்களைத் திட்டத்தான் வந்தேன். நீங்களே ஒத்துக்கொண்டதால் விடுகிறேன். சிலம்பம் நல்லதுதான், ஆனால் மூன்று வாரத்தில் கம்பைப் பிடிக்கக் கற்பதற்குள் லீவு முடிந்துவிடும். அதுவும் தெரியாத பிள்ளைகள் நாற்பது பேர் நடுவில்.

நான் பனைஓலைப் பெட்டி முடைகிறவள். அண்ணன் மகள் ஆறு வயசிலிருந்து என்னிடம்தான் வளர்ந்தாள். வீட்டுக்குள் வாயாடி, வாசற்படி தாண்டினால் ஊமை. நானும் முதலில் "பயப்படாதே, உன்னால் முடியும்" என்று ஓயாமல் சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்லப் பயம் கூடியது. இவ்வளவு தைரியம் சொல்கிறார்கள் என்றால் ஏதோ பெரிய ஆபத்துதான் போலிருக்கிறது என்று நினைத்தாளாம், பெரியவளான பிறகு சொன்னாள். அதை நிறுத்திவிட்டு நுங்கு வண்டி செய்ய உட்கார்ந்தோம்.

இப்போது நுங்குக் காலம்தானே. மூன்று கண்ணையும் நோண்டித் தின்றுவிட்டுத் தூக்கிப் போடும் காய் இரண்டு, அவற்றின் நடுவில் செருக ஒரு குச்சி, தள்ளிக்கொண்டு ஓட ஒரு கவட்டைக் கம்பு. வேறொன்றும் வேண்டாம். அரிவாள் உங்கள் கையில் இருக்கட்டும். காய்க்கு ஜோடி பார்ப்பதும் குச்சி தேடுவதும் அவள் வேலை. வளைந்த குச்சியை எடுத்தாலும் வாயைத் திறக்காதீர்கள். வண்டி கோணலாக ஓடும், அவளே போய் வேறு குச்சி எடுத்துவருவாள். நம் ஆம்பிளைகளுக்கு இந்த இடத்தில்தான் கை அரிக்கும், பிடுங்கித் தானே செய்து முடித்துவிடுவார்கள்.

எங்கள் பிள்ளை செய்த முதல் வண்டி தெருமுனை தாண்டவில்லை. திட்டுவேனோ என்று ஓடிவந்து என் முகத்தைப் பார்த்தாள். என் வண்டி அதற்கு முன்பே அச்சு முறிந்து சாக்கடையில் கிடந்தது. நன்றாகச் செய்தாலும் இரண்டு மூன்று நாளில் காய் வாடி வெடித்துவிடும், அது யார் தப்பும் இல்லை. பள்ளிக்கூட நோட்டில் தப்பு விட்டால் சிவப்பு மை. நுங்கு வண்டி உடைந்தால் இன்னொரு நுங்கு தின்னலாம், அவ்வளவுதான். அந்த வைகாசியில் பதினோரு வண்டி செய்தாள். ஏழாவதோ எட்டாவதோ பக்கத்து வீட்டுப் பையன் வந்து "எனக்கும் ஒன்று" என்று கேட்டான். அவனுக்குச் செய்முறை சொல்லிக்கொடுத்தபோதுதான் வாசலுக்கு வெளியே அவள் குரலை முதலில் கேட்டேன்.

அப்புறம் ஏல விளையாட்டு. மீன் ஏலம் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. திண்ணையில் பழைய செருப்பு, தேங்காய்த் தொட்டி, உடைந்த டார்ச் லைட் என்று கூறு கட்டி வையுங்கள். சிப்பிதான் காசு. முதல் சில நாள் நீங்கள் ஏலக்காரர், அவள் வியாபாரி. பேச வேண்டாம், விரலைக் காட்டினால் போதும். பிறகு ஒரு நாள் உங்களுக்குத் தொண்டை கட்டிக்கொள்ளட்டும். பேசக் கூசும் பிள்ளைக்கு ராகம் போட்டுக் கூவுவது சுலபம். மைக் முன்னால் நின்றால் அது அவள் குரல், இங்கே ஏலக்காரன் குரல். எங்கள் பிள்ளை ஒரு ஓட்டை வாளிக்கு "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று தெருவே கேட்கக் கூவினாள். மூணு தரம் சொல்லாமல் இழுத்து இழுத்து விலையை ஏற்றினாள், எங்கே கற்றாளோ.

தீப்பெட்டிக்குக் கடைக்கு அனுப்புவதை இப்போதைக்கு விடுங்கள். அது உங்களுக்கு வேண்டிய பொருள். அவளுக்கு வேண்டியது ஒன்று வரும்போது பார்க்கலாம்.

வாடைக்காற்று, பாம்பன்:

எந்தக் கடலில் இறக்கினீர்கள் அண்ணே? தென்கடலா, மன்னார் வளைகுடாப் பக்கமா? வைகாசியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும்போது அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று தொழிலுக்குப் போகிற உங்களுக்குத் தெரியாதா? தென்கடலை ஆண்கடல், வடகடலைப் பெண்கடல் என்று பெரியவர்கள் சும்மாவா பிரித்துச் சொன்னார்கள்? இந்த மாதங்களில் பாக் நீரிணைப் பக்கம் இருக்கிற வடகடல் குளம் மாதிரி கிடக்கும். உங்கள் ஊரிலேயே வடக்குக் கரையில் படகு கட்டாத இடமாகப் பார்த்துப் போங்கள், இல்லையென்றால் ஒரு நாள் அரியமான் போங்கள். தனுஷ்கோடி அரிச்சல்முனையில் மட்டும் குளிக்க இறக்காதீர்கள், அங்கே நீரோட்டம் பெரியவர்களையே இழுத்துவிடும்.

என் தங்கை மகளுக்குச் செய்தது இது. ஒரு குச்சியை அவள் கையில் கொடுத்து, "எது வரை போகலாம் என்று நீ நடு, மாமா அதைத் தாண்ட மாட்டேன்" என்றேன். மணலில் காய்ந்த இடத்தில் நட்டாள். சரி என்று அங்கேயே உட்கார்ந்து வீடு கட்டினோம். குச்சி நகர்வது அவள் பாடு. தண்ணீருக்குள் போகும்போது காலைத் தேய்த்துத் தேய்த்து நடக்கப் பழக்குங்கள், மணலுக்குள் திருக்கை கிடந்தால் விலகிப்போய்விடும்.

இன்னொன்று. சாலைப் பாலத்தில் நின்று ரயில் பாலத்தைக் காட்டுங்கள். 1914-இல் திறந்த பழைய பாலத்துக்குப் பக்கத்திலேயே கட்டி 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம். கப்பல் வந்தால் நடுவில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் மேலே போகும். இதை நீங்கள் அக்காவிடம் சொல்லாதீர்கள். ராத்திரி போனில் அவளே அம்மாவுக்குச் சொல்லட்டும். திருப்பூரில் அவள் வகுப்பில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்?

ஓரமாக நிற்பவன், தேவிபட்டினம்:

நானும் அப்படிப்பட்ட பிள்ளையாக இருந்தவன்தான். இன்றைக்கும் நாலு பேர் கூடினால் ஓரமாகத்தான் நிற்பேன். வேலை பார்க்கிறேன், குடும்பம் நடத்துகிறேன், ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அதனால் மூன்று வாரத்தில் மாற்றியாக வேண்டும் என்ற அவசரம் எதற்கு என்றுதான் தோன்றுகிறது. ஏலம் எல்லாம் நல்ல யோசனை. ஆனால் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் "ஏலம் போட்டுக் காட்டு பாப்பா" என்று மட்டும் கூப்பிட்டுவிடாதீர்கள். அதுவும் ஆண்டு விழா மைக்தான்.

அமைதியான பிள்ளைக்கென்றே ஒரு விளையாட்டு இருக்கிறது. ஏலத்துக்குச் சிப்பி பொறுக்கப் போவீர்களே, அப்போது ஒவ்வொரு சங்கையும் "உள்ளே ஆள் இருக்கா" என்று சோதிக்கும் பொறுப்பை அவளுக்குக் கொடுங்கள். காலிச் சங்கில் குடியேறி வாழும் நண்டு உண்டல்லவா? சங்கை உள்ளங்கையில் வைத்து அசையாமல், பேசாமல் இருந்தால்தான் கால் ஒவ்வொன்றாக வெளியே வரும். சத்தம் போடுகிற பிள்ளைகளுக்கு அது வரவே வராது. என் அண்ணன்கள் இரண்டு பேரும் இதில் என்னிடம் தோற்றார்கள், சின்ன வயசில் நான் ஜெயித்த ஒரே போட்டி. ஆள் இருந்தால் எடுத்த இடத்திலேயே விட வேண்டும். பவளப்பாறைத் துண்டு, கடல் குதிரை, கடல் அட்டை எதையும் தொட வேண்டாம், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும்.

தடைக்கால மாமா, தங்கச்சிமடம்:

பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன், எல்லோரும் மன்னிக்கவும்.

ஏலம் நடந்தது. மூன்று நாள் விரல்தான். நாலாம் நாள் எனக்குத் தொண்டை கட்டியது என்றேன். "எனக்குத் தெரியாது மாமா" என்றாள். சரி, நம் திட்டம் அவ்வளவுதான் என்று நினைத்தேன். எங்கள் அம்மா எழுந்து, "நான் போடுறேன் ஏலம்" என்று உட்கார்ந்து எல்லாவற்றையும் குழப்பியது. ஒரு தரத்துக்கு அடுத்து மூணு தரம், பத்துக்கு அடுத்து ஏழு. வேண்டுமென்று செய்ததா, உண்மையிலேயே தெரியாதா என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. "ரெண்டு தரம் விட்டுட்டீங்க அம்மாச்சி, தள்ளுங்க" என்று இடத்தைப் பிடித்துவிட்டாள். என் செருப்பு பதினேழு சிப்பிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் போய்விட்டது. இருபத்திரண்டு கொடுத்து மீட்டேன்.

சங்கு வேலையில் அவளை யாரும் மிஞ்ச முடியாது. தேவிபட்டினத்துத் தம்பி, நீங்கள் சொன்ன பிறகு யார் முன்னாலும் எதையும் செய்யச் சொல்வதில்லை.

கடலுக்கு வர ஆறு நாள் ஆனது. வடக்குக் கரைதான். முதல் நாள் குச்சி அலை தொடாத இடத்தில். அங்கே உட்கார்ந்திருந்தபோது, அன்றைக்கு உன்னைத் தூக்கி விட்டது மாமாவின் தப்பு என்று சொன்னேன். "தெரியும்" என்றாள். நேற்று குச்சி கணுக்கால் தண்ணீருக்கு வந்திருக்கிறது. என்னைக் கூட வரச் சொல்லவில்லை, கரையில் செருப்புக்குக் காவல் வைத்திருக்கிறாள்.

கடைக்கு இன்னும் போகவில்லை.

உச்சிப்புளி அக்கா, உங்களுக்கு அவளிடமிருந்து ஒரு கேள்வி. ஐந்தாவது வண்டி இடது பக்கமாகவே போகிறதாம். குச்சி நேராகத்தான் இருக்கிறது, நானும் பார்த்தேன். என்ன செய்ய வேண்டும் என்று கேட்கச் சொன்னாள். பதிலை அவளே படிப்பாளாம், நான் வாசித்துக் காட்டக் கூடாதாம்.

ஓலைப்பெட்டி அத்தை, உச்சிப்புளி:

பாப்பா, இரண்டு காயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். இடது காய் சின்னதாக இருக்கும். சின்ன சக்கரம் இருக்கிற பக்கம்தான் வண்டி திரும்பும். ஒரே குலையில் ஒரே அளவாக இரண்டு எடுத்துக்கொள். துளை காயின் நட்டநடுவில் விழ வேண்டும், குத்துவதற்கு முன்னால் கரித்துண்டால் புள்ளி வைத்துக்கொடுத்து அந்த இடத்தில்தான் குத்த வேண்டும் என்று மாமாவிடம் சொல்.